அருட்பா மருட்பாப் போர்: பிழை திருத்தலும் பிறரை வெல்லலும்

பிறர் கூற்றிற் பிழை கண்டவிடத்து வாளா இருக்கமாட்டாமை மக்களுக்குரிய இயல்புகளுள் ஒன்றாகும். கண்ட பிழை ஓர் எழுத்தின் அளவினதாயினும், ஒரு சமயத்தின் அடிப்படையைத் தொடுவதாயினும், ‘இஃது அவ்வாறன்று’ என்று சொல்லி முடித்தாலன்றி உள்ளம் அமைதி அடைவதில்லை. கல்வியிற் சிறந்தோரிடத்து இவ்வியல்பு குறைவதில்லை. பெரும்பாலும் மிகுந்தே காணப்படுகின்றது. இதனாற் கல்வி வளர்ந்ததா, தளர்ந்ததா என்னும் வினாவுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை தேடலாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் சிதம்பரத்தையும் ஒருங்கே பற்றிக்கொண்ட கண்டனப் போர்கள் அதற்குத் தக்க சான்றாகும். அவற்றுள்ளும் அருட்பா மருட்பாப் போர் என வழங்குவது தலையாயது.

மறுத்தல் என்பது தமிழ் நூன்மரபிற்குப் புதியதன்று. நூலாசிரியர் கொள்ளத்தகும் மதங்கள் ஏழு என வகுத்த நன்னூலார், பிறர் கொள்கையை மறுத்தலையும், பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக் காட்டுதலையும் அவற்றுட் சேர்த்தே எண்ணினார். எனினும், உடன்படல் என்பதையே அவ்வேழனுள் முதற்கண் வைத்தார். சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றாகிய சிவஞான சித்தியாரில், அருணந்தி சிவாசாரியர் தம் கொள்கையைச் சுபக்கத்தில் விளக்குமுன், பரபக்கத்தில் பதினான்கு சமயக் கொள்கைகளை எடுத்துக் கூறி மறுத்திருக்கின்றார். ஈண்டுக் கவனிக்கத் தக்கது அவர் கையாண்ட முறையாகும். எதிரியின் கொள்கையை அவ்வெதிரியே கூறுவது போல முதலில் நிறுத்தி, அதன் பின்னரே மறுப்பைத் தொடங்குகின்றார். மறுக்கப்படுவோன் தன் கொள்கை இதுவே என ஒப்புமாறு கூறிய பின்னரே மறுத்தற்கு உரிமை பிறக்கும் என்பது அம்முறையின் உட்கிடை.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்து 1785-இற் சிவபதமடைந்த மாதவச் சிவஞான முனிவர் இக்கலையிற் பெருவல்லுநர். சிவஞானபோதத்துக்குப் பேருரை கண்ட அப்பெருந்தகையே, வைத்தியநாத தேசிகர் முந்திய நூற்றாண்டில் இயற்றிய இலக்கண விளக்கத்திற் குற்றங் கண்டு ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்னும் நூலையும் எழுதினார். ‘எடுத்து’ என்னும் ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்டும் பொருட்டு, ‘வயிரக் குப்பாயம்’ என்று பெயரிட்டுத் தனியே ஒரு நூல் செய்தார். குப்பாயம் என்பது போர்ச்சட்டை. ஒரு சொல்லுக்குப் போர்ச்சட்டை அணிவித்துக் களத்தில் நிறுத்தும் காலம் அது. சூறாவளி, குப்பாயம் என்னும் இப்பெயர்களே பின்வருங் காலத்தின் போக்கை ஒருவாறு உணர்த்துகின்றன.

இச்சூறாவளி தொடர்பாக நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. சூறாவளியை அச்சிட்டு உலவவிட்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அதனாற் சாடப்பட்ட இலக்கண விளக்கத்தை 1889-இற் பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர்; ஒருவரையொருவர் மதித்தவர்; நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தின் வெளியீட்டிலும் இருவருக்கும் தொடர்பு உண்டு. மறுப்பு முன்னே அச்சேறிற்று. மறுக்கப்பட்ட நூல் பின்னே வந்தது. மறுப்பை மட்டும் படித்தவர்களுக்கு மூலத்தையும் கண்டு தாமே தீர்ப்புச் செய்யும் வாய்ப்பு அதன் பின்னரே பரவலாகக் கிட்டியது. மறுப்பு நூலைப் படிப்போர் மூல நூலைப் படியாமலே ஒரு பக்கஞ் சேர்ந்துவிடுதல் இவ்வகைப் போர்களில் என்றும் நேரும் தீங்காகும்.

மறுத்தல் பழையதேயாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் தன்மை மாறிற்று. மாற்றியது அச்சு யந்திரம். முன்னாளில் ஒரு நூல் அவையிலே அரங்கேற்றப்பட்டது. தடை நிகழ்த்துவோரும் விடை கூறுவோரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியிருந்தனர். அவைத்தலைவர் ஒருவர் இருந்தார். வாதம் ஒரு நாளிலோ சில நாள்களிலோ முடிந்தது. அச்சுப் பிரசுரத்துக்கு அவையும் இல்லை, தலைவரும் இல்லை, முடிவும் இல்லை. எதிரி கண்முன் இல்லாமையின் அவன் முகம் வாடுதலைக் கண்டு நாவை அடக்கும் தேவையும் இல்லாதொழிந்தது. தம் பெயரை மறைத்தும், மாணாக்கர் பெயராலும் நண்பர் பெயராலும் எழுதி வெளியிடுதல் வழக்கமாயிற்று. இந்தியாவில் 1835-இல் அச்சுக்கூடங்களுக்கான உரிமைக் கட்டுப்பாடு நீங்கியபின் நாட்டவர் பலர் அச்சுக்கூடம் நிறுவலாயினர். யாழ்ப்பாணத்திலும் மிசனரிமாரின் அச்சுக்கூடங்கள் துண்டுப் பிரசுரங்களை மிகுதியாக வெளியிட்டன. 1841-இல் ‘உதய தாரகை’ பத்திரிகை தோன்றியது.

பாதிரிமார் சைவத்தை இழித்துரைத்த பிரசுரங்களுக்கு விடை கூறுதல் கட்டாயமாயிற்று. நாவலருக்கு முன்னரே உடுவில் முத்துக்குமார கவிராசர் ‘ஞானக் கும்மி’, ‘யேசுமத பரிகாரம்’ என்பன பாடியிருந்தனர். நாவலரோ பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவியவர்; ஆதலின் எதிரியின் நூலை அடி முதல் முடி வரை அறிந்தவர். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அடுத்த ஆண்டிற் சென்னபட்டணஞ் சென்று அச்சு யந்திரம் வாங்கி வந்தார். 1854-இல் வெளிவந்த ‘சைவ தூஷண பரிகாரம்’, சைவத்தின்மேல் ஏற்றப்பட்ட ஒவ்வொரு குற்றத்துக்கும் விவிலியத்திலிருந்தே ஒப்புமை காட்டி விடை பகர்ந்தது. தம் மக்கள் தம் சமயத்தைப் பற்றி நாணித் தலை குனிந்த வேளையில் இம்மறுப்புகள் அவர்களைத் தலை நிமிரச் செய்தன. இதனை மறுப்பார் எவரும் இலர்.

மற்றொரு நன்மையும் விளைந்தது. மறுக்கப் புகுந்தவன் ஐயத்துக்கு இடமின்றி எழுதவேண்டும். குறிப்பாற் பொருள் கொள்ள விடுதல் ஆகாது. காரணங்களை ஒன்று, இரண்டு என நிரல்பட வைக்கவேண்டும். கல்லாதாரும் கேட்டு உணருமாறு சொல்லவேண்டும். செய்யுளுக்கு உரை கூறுவதிலேயே பெரிதும் பழகியிருந்த தமிழ் வசனம், வாதிடும் வசனமாகப் பயின்றது இக்கண்டனக் களங்களிலேயாம். நாவலரின் தெள்ளிய நடைக்கு அவர்தம் பாடநூல்களைப் போலவே கண்டனங்களும் காரணமாயின.

ஆயினும் கண்டனம் தன்னைத் தானே பெருக்கிக் கொள்ளும் தன்மை உடையது. காசிவாசி செந்திநாதையர் இயற்றிய நூலொன்றின் பெயர் ‘விவிலிய குற்சித கண்டன திக்காரம்’. இப்பெயரைப் பிரித்து நோக்குக. குற்சிதம் என்பது இழிவு காட்டல். அதனைக் கண்டித்தது கண்டனம். அக்கண்டனத்தை இகழ்ந்து தள்ளுவது திக்காரம். மூன்று படிகளைக் கடந்த ஒரு வாதத்தின் வரலாறு முழுதும் அந்நூலின் பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. மூன்றாம் படியிலே நிற்பவன் முதற் பொருளை நோக்குவதிலும் இரண்டாம் படியில் நின்றவனது சொல்லையே மிகுதியும் நோக்க நேர்தல் இயல்பு.

அருட்பாப் போரின் வரலாறு இத்தன்மையை நன்கு விளக்கும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இற் பிறந்த இராமலிங்க சுவாமிகளும் திருத்தும் ஊக்கம் உடையவரே. 1855-இல் அவர் தொண்டமண்டல சதகத்தைப் பதிப்பித்த போது, ‘தொண்டமண்டலம்’ என்பதே தக்க வழக்கு என நாட்டுவதற்கு இலக்கண ஆராய்ச்சி நிறைந்ததோர் உரை எழுதினார். 1867-இல் அவருடைய பாடல்களின் முதல் நான்கு பகுதிகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்தார். நூலுக்குத் ‘திருவருட்பா’ என்றும், அதன் பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்றும், ஆசிரியருக்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்றும் பெயர்கள் வழங்கலாயின. இப்பெயர்களே போருக்கு வித்தாயின.

நாவலரின் தடை யாது? அருட்பா என்பது தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்பவற்றுக்கே உரிய பெயர். திருக்கோயில்களில் ஓதப்படும் உரிமையும் அவற்றுக்கே உண்டு. வாழும் ஒருவர் பாடல்களுக்கு அப்பெயரை இடுதல் மரபை அழித்தலாகும் என்பது அவர் கருத்து. ‘போலியருட்பா மறுப்பு’ இக்கருத்தை நிலைநாட்ட எழுந்தது. இத்தடை பொருளற்றதன்று. பாதிரிமாரின் தாக்குதலுக்கு எதிரே சைவத்தின் நூலெல்லை எது, வழிபாட்டெல்லை எது என வரையறுத்துக் காப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் நாவலர். அவ்வெல்லைக்குள்ளே புதியதொன்று பழைய பெயருடன் நுழையின் அவர் பொறார். மற்றைப் பக்கத்தார்க்கோ, அருள் ஒரு காலத்தோடு நின்றுவிட்டது என்றல் ஏற்கத்தக்கதன்று. இருதிறத்தாரும் சைவர், இருதிறத்தாரும் தேவாரத்தை உயிரெனப் போற்றியவர். பொருள் பற்றி அமைதியாக உரையாடுதற்கு இடம் இருந்தது.

ஆனால் வாதம் அவ்வழிச் செல்லவில்லை. பெயரைப் பற்றி எழுந்த தடை பாடல்களிற் பிழை காண்பதற்குத் தாவியது. அதிலிருந்து பாடியவரைப் பழித்தற்குத் தாவியது. விடையிறுத்தோரும் நாவலரின் கருத்தை விடுத்து நாவலரையே பற்றினர். சிதம்பரக் கோயிலில் நிகழ்ந்த பேச்சொன்றிற் தாம் இழிவுபடுத்தப்பட்டதாக நாவலர் 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் நடந்ததையும் அதன் முடிபையும் இருதிறத்து அன்பர்களும் தத்தமக்கு ஏற்றவாறு வெவ்வேறாக எழுதி வைத்திருக்கின்றனர். உண்மையை நிலைநாட்டப் புகுந்த வாதம், தன் வரலாற்றைப் பற்றிய உண்மையையே இரண்டாக்கி விட்டது. எல்லை எது, அருள் எது என்னும் வினாவை ஆங்கில அரசின் நீதிபதி தீர்த்தல் இயலுமா என்பதை எவரும் எண்ணினாரிலர்.

சுவாமிகள் 1874-இல் மறைந்தார். நாவலர் 1879-இல் இறைவனடி சேர்ந்தார். தலைவர் இருவரும் நீங்கிய பின்னர்ப் போர் ஓய்ந்திருத்தல் வேண்டும். ஓயவில்லை. ஏறக்குறையக் கால் நூற்றாண்டு கழிந்தபின், புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சென்னையில் இருந்துகொண்டு அருட்பாவை எதிர்த்து எழுதியும் பேசியும் வரலானார். அவர் தமிழகராதி தொகுத்தவர், நாவன்மையிற் சிறந்தவர். எதிர்ப்பக்கத்தில் பிற்காலத்து மறைமலையடிகள் எனப் புகழ்பெற்ற வேதாசலம்பிள்ளை நின்றார். கோட்டாற்றைச் சேர்ந்த முஸ்லிம் புலவராகிய செய்குதம்பிப் பாவலரும் அருட்பாவுக்காக மேடையேறினார். கூட்டங்கள் பெருகின, பிரசுரங்கள் பெருகின, மீண்டும் வழக்கு மன்றம் ஏறிற்று. ப. சரவணன் இந்நூற்றாண்டில் அக்கண்டனங்களைத் தேடித் தொகுத்து ஒரு பெருந்திரட்டாக வெளியிட்டிருக்கின்றார். அத்திரட்டைக் காண்போர், இத்துணைக் கல்வியும் இத்துணை உழைப்பும் ஒரு பெயரின் பொருட்டுச் செலவாயினவே என்று வியவாதிருத்தல் இயலாது.

செலவாயது ஆசிரியர்களின் உழைப்பு மட்டுமன்று. கதிரைவேற்பிள்ளை சென்னை வெஸ்லி கல்லூரியில் ஆசிரியராயிருந்த போது அவரிடம் தமிழ் கற்ற மாணாக்கருள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். 1904-இல் ஆசிரியர்மேல் நடந்த வழக்கில் அவர் சார்பிற் சாட்சி சொல்லச் சென்றமையால் அம்மாணாக்கர் பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. அவருடைய பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. பின்னாளில் திரு. வி. க. தமிழுலகு போற்றும் பேரறிஞராயினர் என்பது அவரது உரத்தின் பயன். அதனால் அவ்விழப்பு நியாயமாகிவிடாது. பெரியோர் இருவர் தொடங்கிய வாதத்துக்கு, அது தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளின் பின் பிறந்த ஓர் இளைஞர் விலை கொடுத்தார். ஆசிரியராயிருப்போர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். நம் வாதங்களில் நம் மாணாக்கர் நம்மைக் கேளாமலே வந்து சேர்ந்துவிடுகின்றனர்.

அவ்விளைஞரின் பிற்கால வாழ்வு இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதியாகும். கதிரைவேற்பிள்ளை 1907-இல் மறைந்தார். திரு. வி. க. தம் ஆசிரியரின் சரித்திரத்தை அன்போடு எழுதினார். பின்னொரு காலத்தில், ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்னும் நூலையும் அவரே எழுதினார். ஆசிரியர்பாற் கொண்ட நன்றியை விடாமலும், ஆசிரியர் பழித்தவரின் பெருமையை மறையாமலும் இருத்தல் ஒருவர்க்கு இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. எதிர்ப்பக்கத்தாரின் மறுப்பு நூலொன்றைப் படித்துத் தோல்வியை ஒப்பி மனம் மாறினார் ஒருவரை இப்போர் முழுவதிலும் காண்டல் அரிது. மாற்றம் வந்தவிடத்து அது களத்துக்கு வெளியே, காலம் தாழ்த்து, தானே கற்று உணர்ந்ததனால் வந்தது.

அங்ஙனமாயின் பிழையைக் கண்டும் பேசாதிருத்தல் வேண்டுமோ எனின், அற்றன்று. பிழை திருத்தல் இன்றேற் கல்வி இல்லை. அக்காலத்திலேயே வேறொரு வழியும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஏடுகள் சிதைந்து, பாடங்கள் மயங்கிக் கிடந்த நிலையிற் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை, தம் பதிப்பிற் பிழைகள் இருத்தல் கூடும் என முன்னரே கூறி, அறிந்தோர் திருத்தி உதவுமாறு பதிப்புரைகளில் வேண்டிக்கொண்டார். 1887-இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கு எதிராகவும் கண்டனங்கள் எழுந்தன. அவற்றுக்கு அவர் விடை எழுத முற்பட்ட போது, கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த சாது சேஷையர் அதனை வெளியிடவேண்டாம் எனத் தடுத்தார். விடைக்கு விடை எழுதப் புகுந்தால் நூற்பணிக்குக் காலம் எஞ்சாது என்பதே அவ்வறிவுரையின் சாரம். ஐயரவர்கள் அதனை ஏற்றுக்கொண்டார். அடுத்து வந்த ஆண்டுகளிற் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் கையால் வெளிவந்தன. கண்டனங்களுக்கு மறுமொழி எழுதிய ஏடுகளாக அவ்வாண்டுகள் கழிந்திருப்பின் நமக்கு எஞ்சியிருப்பது யாது?

இவ்விருவகை வரலாற்றையும் ஒப்புநோக்கும்போது திருத்தத்துக்கும் கண்டனத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு புலனாகும். திருத்துவோன் நோக்கம் பிழை நீங்குதல். ஆதலின் பிழை செய்தவன் நாணமின்றி ஏற்றுக்கொள்ளுமாறு அவன் சொல்லுவான். கண்டிப்போன் நோக்கம் பார்த்திருப்போர் முன்னே வெல்லுதல். ஆதலின் எதிரி ஏற்றுக்கொள்ளுதல் அவனுக்கு ஒரு பொருட்டன்று. கண்டன நூல் எதிரியை விளித்துப் பேசினும், உண்மையில் எழுதப்படுவது தன் பக்கத்தாருக்கே. திருத்தம் பொருள் முடிந்தவிடத்துத் தானும் முடியும். கண்டனத்துக்கு எதிரியின் மௌனமும் தோல்வி எனத் தோன்றும்; விடையும் புதிய குற்றம் எனத் தோன்றும். அதனால் அதற்கு முடிவில்லை.

நாவலரைப் போற்றும் நாம் அவரிடமிருந்து எதனைக் கொள்ளுதல் வேண்டும் என்பதும் இதனாலே தெளிவாகும். வலிமை மிக்கோர் நம் மக்களை இழித்துரைத்த வேளையில் அஞ்சாது விடை கூறிய ஆண்மையைக் கொள்வோம். எதிரியின் நூலை முழுதும் கற்றபின்னரே எழுதிய உழைப்பைக் கொள்வோம். பள்ளி நிறுவியும், ஏடு பரிசோதித்தும், பாலபாடம் எழுதியும் அவர் ஆற்றிய பணியைக் கொள்வோம். நம்மோடு ஒரே கோயிலில் ஒரே பதிகம் ஓதி வழிபடுவோரோடு ஒரு பெயரின் பொருட்டு மன்றம் ஏறும் நிலையை மட்டும் வரலாற்றுக்கு விட்டுவிடுவோம். நாவலர் நிலைநிறுத்திய பன்னிரு திருமுறை மரபு இன்றும் குன்றாது விளங்குகின்றது. இராமலிங்க சுவாமிகளின் பாடல்களும் இன்று பல்லாயிரம் வீடுகளில் ஓதப்படுகின்றன. ஒன்று வாழ மற்றொன்று வீழவேண்டியிருக்கவில்லை.

மாணாக்கர்கள் ஒருவர் கூற்றை மறுக்கப் புகுமுன், அக்கூற்றை அவரே ஒப்புமாறு எடுத்துச் சொல்லத் தம்மால் இயலுமா என்று முதலில் வினவிக் கொள்க. பின்னர், தாம் விரும்புவது பிழை நீங்குதலையா, பிழைத்தவர் தலைகுனிதலையா என்று வினவிக் கொள்க. இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையான விடை கிடைத்த பின்னர் எடுக்கும் எழுதுகோல் கல்விக்குப் பயன்படும். அருணந்தி சிவாசாரியர் எதிரியின் கொள்கையை முன்னிறுத்திய முறையும், நன்னூலார் உடன்படலை முதலில் வைத்த வரிசையும் நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.